காட்டெருமை வந்த வீடியோ மட்டும் பாஸ்

நான் கேம் விளையாடுற வீடியோக்களுக்கு விளம்பரம் போட அனுமதி கேட்டிருந்தேன். இன்னிக்குக் காலைல பதில் வந்துச்சு.

ஒண்ணைத் தவிர மத்த எல்லாம் தள்ளுபடி.

காரணம் காப்பிரைட். கேம் காட்சி கம்பெனிக்குச் சொந்தம். அதுக்கு மேல நம்ம பக்கத்துல இருந்து ஏதாவது பேசியிருந்தாத்தான் காசு பார்க்கலாமாம்.

நான் எங்க பேசறது? அருவங்காடு ஃபேக்டரி குவார்ட்டர்ஸ். அப்பா நைட் ஷிஃப்ட் முடிஞ்சு பகல்ல தூங்குவாரு. அந்த நேரத்துல எங்க ஊட்ல குக்கர்கூட வைக்கமாட்டாங்க.

பாஸான வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். நான் வாளைத் தூக்கிட்டு வாயைத் திறக்காம ஒரு காட்டுக்குள்ள போறேன். பின்னாடி அம்மா குரல்.

"காட்டெருமை கேட்டுக்குள்ள வந்துருச்சு, யாரும் வெளிய போவாதீங்க. பீன்ஸ் பூராவும் போச்சு."

விளம்பர அனுமதி குடுக்கறவங்க அதுக்குக் கீழ எழுதியிருக்காங்க: சொந்த வர்ணனை உள்ளது.

சமையக்கட்டுக்குப் போய், "அம்மா, தினமும் இந்த மாதிரி கொஞ்சம் பேசுங்களேன்"னு கேட்டேன்.

அம்மா காய் நறுக்கிட்டே மெதுவாச் சொன்னாங்க, "எருமை வராம நான் எதுக்குக் கண்ணு கத்தோணும்? அப்பா எந்திரிச்சுக்குவாரு."

நியாயந்தான். மத்தியானத்துல இருந்து மைக்கை ஜன்னல்ல வச்சுட்டு கேட்டையே பார்த்துட்டு உக்காந்திருக்கேன்.

வெலிங்டன், குன்னூர்ப் பக்கம் யாரு ஊட்டுத் தோட்டத்துலயாவது எருமை நின்னா, வெரட்டும்போது கொஞ்சம் இந்தப் பக்கமாத் திருப்பி விடுங்க.