கறார் அக்காவின் முதல் கையெழுத்து

அந்த அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டில் அவளைக் கறார் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். இருபத்திரண்டு வருடமாகப் பிரசவம் பார்க்கிறாள். பதிவேட்டில் மட்டும் அவள் பெயர் மருந்துக்கும் கிடையாது. குழந்தையை ஏந்துவது அவள் கை. நேரத்தையும் எடையையும் எழுதிவிட்டு, 'பிரசவம் பார்த்தவர்' என்ற கட்டத்தை டாக்டருக்காகக் காலியாக விடுவதும் அதே கைதான். டாக்டர் காலையில் வந்து, டீ ஆறுவதற்குள் எல்லாக் கட்டத்திலும் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

மருத்துவச்சி வேலையைத் தனித் தொழிலாக அங்கீகரித்து உரிமம் கொடுக்க அரசாங்கம் குழு போட்டது. அதில் அவளும் இருந்தாள். சொந்தக் கையெழுத்தில் நாற்பது பிரசவம் காட்டினால்தான் உரிமம் என்று அடம்பிடித்து விதி சேர்த்தவள் அவள்தான். சிபாரிசோடு வருகிற கண்ட ஆட்களும் நுழைந்துவிடக் கூடாதே என்ற பயம். பயம் நியாயமானதுதான். ஆனால் முதலில் திரும்பி வந்தது அவளுடைய விண்ணப்பம். காட்ட ஒரு கையெழுத்துகூட இல்லை. ஆறு மாதத்துக்குள் உரிமம் வாங்காவிட்டால் பிரசவ அறைக்குள் கால் வைக்க முடியாது.

தையல் மிஷினை நிறுத்திவிட்டு அவள் கணவர் கடிதத்தைப் படித்தார்.

"ஆப்பசைச்ச குரங்கு கதையால்ல இருக்கு."

"சிரிச்சு முடிச்சாச்சா?"

"இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு."

குழுத் தலைவர் போன் செய்தார். "உங்களுக்கு மட்டும் விலக்கு தர்றோம்மா. ஒரு கடிதம் எழுதிக் குடுங்க, போதும்."

"இன்னைக்கு எனக்குன்னா, நாளைக்கு உங்க மச்சினிக்கும் கேப்பீங்க சார். வேண்டாம்."

போனை வைத்துவிட்டு அழுதாள். அவமானமாகத்தான் இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை, நாற்பது பிரசவக் கணக்கை ஒன்றிலிருந்து தொடங்க, மாணவிகள் போடும் பச்சை அங்கியில் வார்டுக்கு வந்தாள். மேற்பார்வைக்கு நின்றது அவள் தங்கை மகள். பயிற்சிப் பள்ளியில் படிக்கும்போதே நாற்பது கையெழுத்தும் போட்டு உரிமம் வாங்கிய முதல் செட். பத்து மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. கறார் அக்கா நேரத்தையும் எடையையும் எழுதிவிட்டுக் கை கழுவப் போனாள்.

"பெரியம்மா, கட்டம் காலியா இருக்கு."

"டாக்டர் வந்து போடுவாரு."

சொன்ன பிறகுதான் உறைத்தது. குழாயை மூடினாள். பிறகு ஈரக் கையோடு வந்து பேனாவை எடுத்தாள்.

"துடைச்சுட்டுப் போடுங்க. மை கலைஞ்சா அந்தப் பிரசவம் செல்லாது. நீங்க போட்ட விதிதான்."

கறார் அக்கா கையைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள்.