லாரி வராத வழி

எண்பதுகளின் இறுதியில் ஞாயிறு காலைகளில் தாம்பரத்திலிருந்து குன்றத்தூருக்குச் சைக்கிளில் போவேன். சாலை முழுக்கக் கல்குவாரி லாரிகள். ஒருநாள் டீக்கடையில், காக்கி டிராயர் போட்ட பருத்த மனிதர் ஒருவர், “இன்னா சார், லாரியோட ரேஸ் வுடறியா? என் பின்னாடி வா” என்று தன் சைக்கிளில் ஏறினார்.

குன்றுகளுக்குப் பின்னால் ஒரு மண்பாதை. ஏற்ற இறக்கம் உண்டு, வண்டி ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு இறக்கத்திலும் அவர் முதலில் இறங்கி நடந்து, கிடக்கும் கற்களைக் காலால் ஒதுக்கிய பிறகுதான் என்னைக் கூப்பிடுவார். அப்படிப் பல ஞாயிறுகள்.

கடைசி ஞாயிறன்று பாதையின் இருபுறமும் புதர்களை வெட்டியிருந்தார்கள்.

“அடுத்த வாரம் வராத சார். நாளையிலிருந்து இங்க லாரி ஓடும். மொத லோடு நான்தான் எடுத்துகினு போறேன்.”

“நீங்க லாரி டிரைவரா?”

“ஆமா சார். இப்படி ஒரு ஜோரான வழி கீதுன்னு மொதலாளியாண்ட பெருமையா சொன்னதும் நான்தான்.”

வெட்டிக் கிடந்த புதர்களைப் பார்த்தபடி நின்றேன்.

“சும்மா நிக்காத சார். ரெண்டு வார்த்த திட்டிட்டுப் போ.”

பாதை எனக்கும் சொந்தமில்லை. எந்த உரிமையில் திட்டுவது என்று தெரியவில்லை. அவர் தலை குனிந்து காத்திருந்தார்.