வராண்டா சிஸ்டம்

போன வாரம் சேலையூரில் ஒரு வங்கிக்குப் போயிருந்தேன். கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் ஏசிக் குளிரோடு ஈரக் கம்பளத்தின் நாற்றமும், அதை அமுக்க அடித்திருந்த எலுமிச்சை ஸ்பிரேயும் சேர்ந்து முகத்தில் அடித்தன. வந்த வேலையை விட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். உள்ளே இருந்த வேறு யாருக்கும் அது ஒரு பொருட்டாகவே இல்லை. எனக்கும் அந்த நாற்றத்துக்கும்தான் பழைய பகை.

சுனாமிக்கு அடுத்த வருஷம் என்று நினைக்கிறேன். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் எக்ஸெல் சொல்லிக்கொடுத்தேன். டை கட்ட வேண்டும் என்பது முதலாளியின் உத்தரவு. அந்த டையையும், முந்தின நாள் படித்த நாலு பக்கத்தையும் தவிர மாணவர்களைவிட என்னிடம் கூடுதலாக ஒன்றும் கிடையாது. கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாதென்று எல்லோரும் ஷூவை வாசலில் கழற்றிவிட்டு வருவார்கள். ஏசி கம்பளத்தில் சொட்டிக்கொண்டே இருக்கும். பகலெல்லாம் மின்சார ரயிலில் வியர்த்த சாக்ஸ்கள் அந்த ஈரத்தில் ஊறும். மேலே வர்ணிக்கவில்லை, நீங்கள் சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவராக இருக்கலாம்.

மாலை வகுப்பு ஒரு கதம்பம். என்னையே திருத்துகிற ஆட்களும் உண்டு. சிட்லபாக்கத்திலிருந்து வரும் ராகவன் சார் ஓய்வுபெற்ற அதிகாரி. முப்பது வருஷம் ஃபைல் பார்த்தவர், மௌஸைப் பிடித்தால் அது மேஜையை விட்டே இறங்கிவிடும். அவருக்குப் பக்கத்து இருக்கையில் கஸ்தூரி அக்கா. கடலோரக் குப்பத்தில் வீடு, காலையில் கேம்ப் ரோட்டில் மீன் வியாபாரம். குளித்து, பவுடர் பூசி, பூ வைத்துக்கொண்டு ஆறு மணிக்கு முன்பே வந்துவிடுவார்.

எதற்கு எக்ஸெல் என்று கேட்டேன். ஒரு ஜெராக்ஸை நீட்டினார். புது வீடு கொடுப்பதற்காகக் குப்பத்தில் ஒட்டியிருந்த பட்டியல்.

"எங்க அண்ணி வூட்ல ஆறு பேரு கீறாங்கோ தம்பி. இதுல ஒத்த ஆள்னு போட்டுகீது. ஒத்த ஆளுக்கு வூடு இல்லியாம். கேட்டா, கம்ப்யூட்டர்ல அப்டித்தான் வந்துகீதுன்றாங்க. அது இன்னாதான் சொல்துன்னு நானே பாத்துட்றேன்."

இரண்டாவது வாரம் ராகவன் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். அந்தம்மா பக்கத்துல உக்கார முடியல. ஒரே மீன் வாடை."

வாடை கம்பளத்திலிருந்து வந்தது. எனக்குத் தெரியும். முதலாளிக்கும் தெரியும். ஆனாலும் நான் போய்ச் சொன்னதும் அவர் சொன்னார்: "அந்தம்மாவ வராண்டா சிஸ்டத்துக்கு மாத்திடு. உள்ள இருக்கறது ரிப்பேர்னு சொல்லிடு."

சொன்னேன். வேலை போய்விடும் என்ற பயம் என்று இன்றைக்குக் காரணம் சொல்லலாம். உண்மையில், ஒரு மீன்காரம்மாவுக்காகப் பெரிய மனிதரிடம் எதிர்த்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. அவ்வளவுதான்.

அக்கா திரையைப் பார்த்தார். "ஓடிக்கினுதானே கீது..." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "சரி சார்."

அதுவரை நான் தம்பி.

வராண்டாவில் மின்விசிறி கிடையாது, ஷூக் குவியலுக்குப் பக்கத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டர். உள்ளே நடத்திவிட்டு, கடைசிப் பத்து நிமிஷம் அவருக்கு. அறையில் நாற்றம் அப்படியே இருந்தது. ராகவன் சார் மட்டும் மூச்சை நன்றாக இழுத்து, "இப்ப பரவால்ல" என்றார். அவர்மேல் வந்த அருவருப்பைவிட என்மேல் வந்ததுதான் அதிகம்.

அகர வரிசைப்படுத்துவதைச் சொல்லிக்கொடுத்த அன்று வராண்டாவிலிருந்து ஒரு சத்தம். ஓடினேன். பயிற்சிக்காகத் தன் தெருவின் பட்டியலை அடித்து, பெயர்கள் இருந்த பத்தியை மட்டும் வரிசைப்படுத்தியிருந்தார். பக்கத்துப் பத்தியில் இருந்த ஆட்களின் எண்ணிக்கை நகரவில்லை.

"இத்தான் சார்! பேரு மட்டும் எயுந்துபோயி வேற வூட்டு முன்னாடி குந்திக்கிச்சி!"

ஜெராக்ஸோடு ஒப்பிட்டேன். ஆமாம், அதே தப்பு. ஒரு குப்பத்தின் வீடுகளே இடம் மாறியிருந்தன.

அடுத்த ஒரு மாதம் வீடுவீடாகக் கேட்டு வந்து, ஒற்றை விரலால் எல்லாக் குடும்பங்களையும் அடித்தார். பிரிண்ட் எடுத்த அன்று, "லிஸ்ட்டு போட்ட ஆபீசுக்கு நீங்களும் ஒரு வார்த்த சொல்ல வாங்க சார்" என்றார். முதலாளி நமக்கேன் வம்பு என்றார். எனக்கு வகுப்பெடுக்க ஒரு பேட்ச் இருக்கிறது என்றேன். அன்று பேட்ச் இல்லை.

ஒரு வாரம் கழித்து வந்தார். உள்ளே வரவில்லை, படியிலேயே நின்று சொன்னார்.

"ஆபீசுல நீயா அடிச்சேன்னு நம்பவே இல்ல. அவங்க கம்ப்யூட்டர்லயே போட்டுக் காட்டச் சொன்னாங்கோ. போட்டேன். ஆபீசரே எயுந்து சேர் குட்தாரு. அண்ணி பேரு வந்துட்ச்சி சார்."

அவர் படி இறங்கும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். மன்னிச்சிடுங்க அக்கா என்ற இரண்டு வார்த்தையைச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் வரவும் இல்லை.

பாத்திரக் கடை இப்போது செல்போன் கடை. கேம்ப் ரோட்டில் மீன் விற்கிறவர்கள் உட்காரும் நடைபாதையைச் சாலை விழுங்கிவிட்டது. சென்டரை மூடிய நாளில் கம்ப்யூட்டர்களைப் பழைய இரும்புக்காரர் எடைபோட்டு எடுத்துக்கொண்டார். யாரும் வாங்கிப் போகாத சான்றிதழ்களும் அந்தச் சாக்கிலேயே போயின. கஸ்தூரி அக்காவுடையதும் அதில் இருந்தது. ராகவன் சாருக்கு ஏ கிரேடு, அக்காவுக்கு பி. போட்டவன் நான்தான்.