சனிக்கிழமை வெந்நீர்

எங்கள் வீட்டுக்காரம்மாவுக்கு என் மேல் வந்த முதல் சந்தேகம், எனக்கு ஏதோ தோல் வியாதி இருக்கிறது என்பது. தினம் காலையில் குளிக்கிறேன் அல்லவா? உடம்பில் ஒரு கோளாறும் இல்லாதவள் எதற்காக ஜனவரி மாதத்தில் தினம் தினம் குளிக்கவேண்டும்? இதை என்னிடம் நேராகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அப்படிக் கேட்காமல், என் கணவரை வாசலில் நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, அடுத்த தெருவிலேயே நல்ல டாக்டர் ஒருவர் இருக்கிறார் என்று சொல்லியனுப்பினார். கணவர் மேலே வந்து அதைச் சொல்லி விழுந்து விழுந்து சிரிக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீங்களும்தானே தினம் குளிக்கறீங்க, உங்களுக்கு டாக்டர் வேண்டாமாமா?" என்று கேட்டேன். அவர் குளிப்பது காக்காய்க் குளியல். அது அந்தம்மாவின் காதுக்கு எட்டியதே இல்லை.

அறுபதுகளின் கடைசி. மொன்ட்ரியாலில் அஹுன்ட்சிக் பக்கம் ஒரு செங்கல் வீட்டின் மாடியில் வாடகைக்கு இருந்தோம். கணவருக்குப் பல்கலைக்கழகத்தில் இன்ஜினியரிங் சொல்லிக்கொடுக்கும் வேலை. அதிலும் அவருடைய பாடம், வெப்பம் எப்படி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகிறது என்பது. உலகத்து வெப்பமெல்லாம் எங்கே போகிறது என்று அவருக்குத் தெரியும். எங்கள் வீட்டு வெப்பம் எங்கே போகிறது என்று எனக்குத்தான் தெரியும். அது கீழ் வீட்டில் வீட்டுக்காரம்மாவின் முன்னறைக்குப் போனது.

அந்தம்மா விதவை. ஐம்பதைத் தாண்டியவர். குள்ளம், தடித்த கண்ணாடி, எந்நேரமும் இடுப்பில் ஏப்ரன். பிள்ளைகளெல்லாம் கல்யாணமாகி ஊருக்கு ஒருவராகப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது நிலவறையில் நின்ற அடுப்பு. அதைத்தான் அவர் இப்போது வளர்த்துக்கொண்டிருந்தார்.

ஆளுயர இரும்பு அடுப்பு அது. நிலக்கரி போட்டு எரிக்கவேண்டும். அதன் வயிற்றைச் சுற்றித் தண்ணீர் நிற்கும். சூடான தண்ணீர் தானாகக் குழாயில் ஏறி, இரண்டு வீட்டிலும் அறைக்கு அறை சுவரோரம் நிற்கிற ரேடியேட்டர்களுக்குள் போய்ச் சூட்டை விட்டுவிட்டு, ஆறியதும் திரும்பிக் கீழே இறங்கிவிடும். அதே அடுப்புதான் குளிக்கிற வெந்நீர்த் தொட்டிக்கும். வம்பே அங்கேதான். நான் குழாயைத் திறந்து தாராளமாகக் குளித்தால், காலியான தொட்டியைச் சூடாக்க அடுப்பு அந்தப் பக்கம் ஓடும். கீழே அந்தம்மாவின் ரேடியேட்டர் வெதுவெதுப்புக்கு இறங்கும். நான் குளித்தால் அவருக்குக் குளிரும். கரியை இன்னும் அள்ளிப் போட்டால் ஆயிற்று என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். அளவுக்கு மேல் போட்டால் அடுப்பு மூச்சுத் திணறி அணைந்துவிடுமாம். தெருவில் மற்ற வீடுகளெல்லாம் எண்ணெய்க்கு மாறிவிட்டிருந்தன. சுவரில் ஒரு பொத்தானைத் திருகினால் சூடு வரும். இந்தம்மா மட்டும் மாறவில்லை. தன் கையால் கரி போட்டு வருகிற சூடுதான் எலும்புக்குள் இறங்குமாம்.

மாடிக்கும் கீழுக்கும் குழாய்தான் டெலிபோன். நான் தோசைக் கரண்டியால் ஒரு தட்டுத் தட்டினால், குளிர்கிறது, கரி போடுங்கள் என்று அர்த்தம். இரண்டு தட்டு என்றால், குளிக்கப் போகிறேன். சரி என்றால் அந்தம்மா கரி கிளறும் கம்பியால் பதிலுக்கு ஒரு தட்டுத் தட்டுவார். பதிலே வரவில்லை என்றால், "சாமெதி" என்று அர்த்தம். பிரெஞ்சில் நான் முதன்முதலாகக் கற்றுக்கொண்ட வார்த்தை அதுதான். சாமெதி என்றால் சனிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவதற்கு முன்னால் சனிக்கிழமை குளிப்பது அந்தம்மா பிறந்து வளர்ந்த வீட்டு வழக்கம். அன்றைக்கு மட்டும் தொட்டி தளதளவென்று கொதிக்கும். மற்ற நாளெல்லாம் பல் கிட்டிப்போகிற தண்ணீர்.

பதில் வராமலே நான் குளித்த நாட்களும் உண்டு. விடுவேனா? அந்தம்மாவும் விடமாட்டார். நிலவறைக்கு இறங்கி, மாடிக்கு வருகிற குழாயின் வால்வைத் திருகி மூடிவிடுவார். அந்த வீட்டு வால்வுகளெல்லாம் துருப்பிடித்த கிழங்கள். எதைத் திருகினாலும் கிறீச்சென்று ஒரு சத்தம் எல்லா ரேடியேட்டருக்குள்ளும் ஓடும், பல் கூசும். கொஞ்ச நேரம் எங்களுக்குச் சூடு கிடையாது. தலையில் ஈரத் துண்டோடு, புடவைக்கு மேல் ஸ்வெட்டர், ஸ்வெட்டருக்கு மேல் கோட்டு என்று உட்கார்ந்து மனதுக்குள் திட்டுவேன். நேரில் போய்த் திட்டலாமென்றால் என் பிரெஞ்சு முழுக்க மூலைக் கடையில் கற்றது. பால், முட்டை, ரொட்டி வாங்கலாம். சண்டை போட வராத பாஷை என்ன பாஷை?

ஒரு நாள் மட்டும் தானாக இறங்கிப் போனேன், குத்துவிளக்குத் தேய்க்க அடுப்புச் சாம்பல் கேட்டு. கையால் தேய்க்கிற மாதிரி நடித்தும் காட்டினேன். அந்தம்மா என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, உள்ளே போய் ஒரு சோப்புக் கட்டியைக் கொண்டுவந்து கையில் வைத்தார். தினம் குளிக்கிறவள் வீட்டில் சோப்பு தீர்ந்துபோகாமல் என்ன செய்யும்?

கணவரிடம் நியாயம் கேட்டால், ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்பார். ஒரு காகிதத்தை எடுத்து அடுப்பை வரைந்து, அம்புக்குறி போட்டு, இருக்கிற வெப்பம் இவ்வளவுதான், இங்கே போனால் அங்கே குறையும் என்று எனக்கே பாடம் நடத்துவார். "அது எனக்கும் தெரியும். அந்தம்மாகிட்ட யாரு பேசறது?" என்றால், அது தன் டிபார்ட்மென்ட் இல்லை என்பார்.

இந்த லட்சணத்தில் நான் உண்டானேன். குழந்தை பிறந்தது பிப்ரவரியில், பனி ஜன்னல் வரை ஏறிக் கிடந்தபோது. அம்மா வருவதாக இருந்தது. அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதில் வரவில்லை. பரவாயில்லை, நான் என்ன குழந்தையா என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஈரத் துணியால் உடம்பைத் துடைத்துவிட்டு, ஆயிற்று, குளியல் முடிந்தது என்று சிரித்தபோதுதான் தைரியம் போய்விட்டது. பச்சை உடம்புக்கு ஈரத் துணியா?

ஊரில் அக்காவுக்குப் பிரசவமானபோது பார்த்திருக்கிறேன். அம்மா குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மஞ்சள் போட்டுக் கொதித்த வெந்நீரை அக்காவின் இடுப்பில் ஓங்கி ஓங்கி ஊற்றுவாள். அக்கா போடுகிற கூச்சல் தெருவுக்குக் கேட்கும். அப்புறம் தலைக்குச் சாம்பிராணி, ஒரு வாய் ரசம் சாதம், அடித்துப் போட்டமாதிரி தூக்கம். அந்தக் கூச்சலைக் கேட்டு வெளியே நின்று சிரித்தவள் நான். இப்போது என் இடுப்பு எனக்குச் சொந்தமில்லாததுபோல் இருந்தது. நிமிர்ந்தால் வலி, குனிந்தால் வலி, குழந்தையைத் தூக்கினால் கண்ணில் தண்ணீர். எனக்கு அம்மா வேண்டியிருந்தது. அம்மா வரமுடியாது. வெந்நீராவது வரலாமில்லையா?

வீட்டுக்கு வந்த அன்றே கணவரிடம் சொன்னேன்: "எனக்கு நகை வேண்டாம், புடவை வேண்டாம். இடுப்புக்கு ஊத்த நல்ல வெந்நீர் வேணும். தினம் வேணும், ஒரு மாசத்துக்கு." சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். நான் கோபப்பட்டு அவர் பார்த்திருக்கிறார், அழுது பார்த்ததில்லை. மனிதர் அரண்டுபோனார். காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார்.

வெகுநேரம் கழித்து, மார்பை நிமிர்த்திக்கொண்டு மேலே வந்தார். பேசியாயிற்றாம். அடுப்பு, தொட்டி, ரேடியேட்டர் எல்லாவற்றையும் வரைந்து, அம்புக்குறி போட்டு விளக்கினாராம். விஷயத்தைப் படம் போட்டுச் சொன்னால் யாருக்கும் புரியுமாம்.

மறுநாள் காலை இரண்டு தட்டுத் தட்டினேன். உடனே பதில் தட்டு வந்தது. குழாயைத் திறந்தால் ஆவி பறக்கிறது! கை வைக்க முடியவில்லை. மஞ்சள்பொடியைப் போட்டு, கணவரை ஊற்றச் சொன்னேன். மூக்குக்கண்ணாடியில் ஆவி படர, அவர் பேனாவுக்கு இங்க் ஊற்றுவதுபோல் சொட்டுச் சொட்டாக ஊற்றினார். எனக்கு வந்த கோபத்தில் நான் போட்ட சத்தத்துக்குத்தான் முதல் வாளி ஓங்கி விழுந்தது. அக்கா மாதிரியே கத்தினேன். கத்திவிட்டு, ஆஸ்பத்திரி போனதிலிருந்து வராத தூக்கமெல்லாம் வந்து தூங்கினேன்.

அதிலிருந்து தினமும் அப்படித்தான். எனக்கு, குழந்தைக்கு, குழந்தையின் துணிக்கு எல்லாவற்றுக்கும் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர். ரேடியேட்டரும் தணலாகக் கிடந்தது. கணவர் தன்னோடு வேலை பார்ப்பவர்களிடமெல்லாம் அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டு திரிந்தார். நானும் நம்பினேன். படித்த படிப்பு வீட்டுக்கு உதவியது அதுதான் முதல் தடவை என்று அவரிடமே சொன்னேன்.

ஒரு மத்தியானம், குழந்தை முன்னறை ரேடியேட்டருக்குப் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. கணவர் வேலைக்குப் போயிருந்தார். கீழேயிருந்து வந்தது, கிறீச். பழைய எதிரியின் குரல் மறக்குமா? ஓடிப்போய் ரேடியேட்டரைத் தொட்டேன். சுட்டது. இரும்பு உடனே ஆறாது, கொஞ்ச நேரத்தில் பார் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். ஒரு தட்டுத் தட்டினேன். பதில் இல்லை. ஓங்கித் தட்டினேன். பதில் இல்லை. என்னை என்ன வேண்டுமானாலும் பண்ணட்டும், பச்சைக் குழந்தை படுத்திருக்கிற அறையின் சூட்டிலா கை வைப்பது? பிள்ளை பெற்றவள் படியிறங்கக் கூடாது என்பதெல்லாம் பறந்துபோயிற்று. சால்வையைத் தலையோடு சுற்றிக்கொண்டு, பின்பக்கத்து உள்படியில், பால் முட்டை ரொட்டி தவிர எனக்குத் தெரிந்த பிரெஞ்சு வார்த்தைகளையெல்லாம் கோத்துக்கொண்டே இறங்கினேன்.

கதவு சாத்தியிருக்கவில்லை. அந்தம்மா சமையலறை மேஜையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார். மேலே ஓவர்கோட்டு. தலையில் சர்ச்சுக்குப் போட்டுக்கொண்டு போகிற ரோமத் தொப்பி. கழுத்தில் மஃப்ளர். விரல் நுனி வெட்டிய கையுறை. மூச்சு விட்டால் புகை வந்தது. ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கமாகப் பனி பூத்திருந்தது.

பழக்கதோஷத்தில் என் கை முதலில் ரேடியேட்டருக்குத்தான் போனது. வெதுவெதுப்பாக இருந்தது, ஆறிக்கொண்டே வந்தது. அப்படியே முன்னறைக்குப் போய் அங்கே தொட்டேன். ஐஸ். அடுப்பு அணைந்துவிட்டதா என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் கேட்டேன். தன் அடுப்பைப் பற்றி அப்படிக் கேட்டதற்கு அந்தம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. நன்றாக எரிகிறது, மேலே சுடவில்லையா என்று திருப்பிக் கேட்டார். அப்புறம்தான் எனக்குப் புரிந்தது. முன்னறை, படுக்கையறை என்று ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்து, மிச்சத்துக்கு அரைகுறையாகத் திறந்துவைத்திருந்த சமையலறை வால்வையும் இப்போதுதான் மூடியிருக்கிறார். எல்லாம் தன் வீட்டு வால்வு. நான் கேட்ட கிறீச் அதுதான்.

கோத்துக்கொண்டு வந்த வார்த்தையெல்லாம் எங்கே போயிற்றோ. ஏன் என்று மட்டும் கேட்டேன். எனக்குப் புரியவேண்டும் என்று அந்தம்மா மெதுவாக, பாதி கை ஜாடையிலேயே சொன்னார்.

என் கணவர் வந்து ஏதோ படம் போட்டாராம். அந்தம்மாவுக்கு ஒரு எழவும் புரியவில்லையாம். நல்ல பையன், ஆனால் பேசத்தான் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்றார். கடைசியில் அந்தம்மாவே, வெந்நீர் குழந்தைக்கா, தாய்க்கா என்று கேட்டாராம். தாய்க்கு என்று பதில் வந்ததாம். அடுத்து அந்தம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன்:

"நானும் பெத்திருக்கேன். எல்லாம் இந்த மாதிரி பனியிலதான். குழந்தைக்குன்னா ஊரே ஓடி வரும். எனக்குன்னு யாரும் அந்த அடுப்பில ஒரு கரண்டி கரி போட்டதில்ல."

நின்ற இடத்திலேயே அழுதேன். நன்றிக்கு மெர்ஸி என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. கடையில் பால் வாங்கினாலும் அதே மெர்ஸிதான், இதற்கும் அதையே எப்படிச் சொல்வது? குனிந்து வால்வைத் திறக்கப் போனேன். கையில் பட்டென்று ஒரு அடி விழுந்தது. மேலே வந்து எங்களோடு சூட்டில் உட்காருங்கள் என்றேன். அடுப்பை யார் பார்ப்பது என்றார். பிறகு என் காலைப் பார்த்தார். செருப்புப் போட மறந்து வந்திருந்தேன். அதற்குத்தான் உண்மையான திட்டு விழுந்தது, மாடிப்படி ஏறி முடிக்கிற வரைக்கும்.

மறுநாள் காலை நான் குளிப்பதில்லை என்று முடிவு செய்தேன். தொட்டியைத் தொடாவிட்டால் அந்தம்மா தன் வால்வைத் திறந்துகொள்வார் அல்லவா? காய்ச்சல் வந்த நாளைத் தவிர நான் குளிக்காமல் இருந்ததே கிடையாது. தலையை அள்ளி முடிந்துகொண்டு, பால் வாடையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். கணவர் பயந்துபோய், உடம்புக்கு என்ன, அடுத்த தெரு டாக்டரைக் கூப்பிடட்டுமா என்கிறார். பேசாமல் இருங்கள் என்றேன்.

குளிக்கிற நேரம் வந்தது, போயிற்று. குழாயில் இரண்டு தட்டுக் கேட்டது. இரண்டு தட்டு என்னுடையது, அந்தம்மா அதுவரை தட்டியதே இல்லை. நான் கரண்டியைத் தொடவில்லை. மறுபடியும் இரண்டு தட்டு, கொஞ்சம் ஓங்கி. அப்போதும் பதில் கொடுக்கவில்லை. பதில் வராவிட்டால் என்ன அர்த்தம் என்று அவர் கற்றுக்கொடுத்ததுதானே.

உள்படியின் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. கீழேயிருந்து, வீடே அதிர, அந்தம்மாவின் குரல் வந்தது.

"மதாம்! இன்னிக்குத்தான் சாமெதி!"

அன்று செவ்வாய்க்கிழமை. எழுந்து போய்க் குளித்தேன்.