சாய்ந்து நின்ற பட்டாம்பூச்சி

மாரீஸ்வரன் கீதாவை முதன்முதலில் பார்த்தபோது, அவள் ஒரு பெரிய 'ட'வை மடியில் போட்டு உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தாள். மும்பை தாராவியில் அவள் வீட்டு மாடியறை. மாதுங்காவில் நாகலக்ஷ்மி மாமி திறக்கவிருந்த மழலைப் பள்ளியில் அவன் கிளார்க். பள்ளியின் பெயரெழுத்துகளை வாங்கிவர அனுப்பியிருந்தார்கள். தரையெங்கும் ரோஸ் நிற ஃபோம் எழுத்துகள். ஒன்றுக்கும் கூர்முனை கிடையாது. எல்லாம் கொழுகொழுவென்று, ஒரே பக்கமாகச் சாய்ந்த உடம்போடு கிடந்தன.

"என்ன இது, எல்லாம் ஓடுத மாதிரில்லா இருக்கு?"

"ஓடத்தான அண்ணே செய்யுது. என் மக இங்கிலீஷ் மீடியம். தமிழ் எழுத்தப் பாத்தா 'ஜிலேபி'ன்னு சிரிப்பா. சரி, ஜிலேபியாவே போட்டுத் தாரேன், ஆசையாப் பக்கத்துல வரட்டும்னுதான் கம்ப்யூட்டர்ல வரைஞ்சேன்."

அதுவரை பிறந்தநாள் மேடைகளுக்கு அடுத்தவர் ஃபான்ட்டில் பெயர் வெட்டிக் கொடுத்தவள் கீதா. சொந்த எழுத்தில் வெட்டிய முதல் சொல், பள்ளியின் பெயரான இந்தப் 'பட்டாம்பூச்சி'தான். மாமிக்குப் பிடித்துவிட்டால் வகுப்பறைச் சுவர்களெல்லாம் அவள் எழுத்து. இல்லாவிட்டால் கடையில் ரெடியாக இருக்கும் நேரெழுத்து.

பலகையில் ஒட்டித்தான் கீதாவுக்குப் பழக்கம். மாமியோ, குழந்தைகள் தொட்டுப் பார்க்க எழுத்துகள் பலகை இல்லாமல் நிற்கவேண்டும் என்றார். திறப்புவிழாவன்று வாசல் மேசையில் வைத்ததும் 'ப' விழுந்தது. தூக்கி நிறுத்துவதற்குள் 'பூ' விழுந்தது. வந்திருந்த குழந்தைகள் கைதட்டி, "ஃபிர் ஸே! ஃபிர் ஸே!" என்று, இன்னொரு தடவை விழச்சொல்லி இந்தியில் குதித்தார்கள்.

"என்னடீ கீதா, எழுத்தெல்லாம் மயக்கம் போட்டு விழறது! புள்ளி ஒண்ணையும் காணோம். மாரீஸ்வரா, அந்தக் கடைக்கு ஃபோன் போடு."

"புள்ளி பையில இருக்கு மாமி. அந்தரத்துல எங்கன வைக்கன்னுதான் தெரியல."

மாரீஸ்வரன் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டான், எண்ணை அழுத்தவில்லை. இவள் என்ன செய்யப்போகிறாள் என்று பார்த்தாக வேண்டும் அவனுக்கு.

கீதா பையிலிருந்து லட்டு லட்டாகப் புள்ளிகளை எடுத்தாள். 'ட்'டுக்கு மேலே ஒன்றைப் பிடித்துப் பார்த்தாள். எழுத்தே சாய்ந்திருந்ததால் புள்ளி அடுத்திருந்த 'டா'வின் தோளில் போய் இடித்தது. அப்படியே பிடித்தபடி கொஞ்சநேரம் நின்றாள். பிறகு சிரித்துக்கொண்டே அந்த இடத்தில் பசை வைத்தாள். அடிப்பக்கமும் ஒன்றோடொன்று நெருக்கி ஒட்டினாள்.

"காலையில லோக்கல் ட்ரெயின்ல எப்படி நிக்கோம் மாமி? ஒருத்தர் மேல ஒருத்தர் சாஞ்சுதான? எவனாவது விழுதானா?"

மாமி ஒற்றை விரலால் தள்ளிப் பார்த்தார். பட்டாம்பூச்சி அசையவில்லை. ஒரு சிறுமி வந்து புள்ளியைக் கடித்தும் பார்த்துவிட்டாள்.

"கடிக்காதே கண்ணா... சரி கீதா, கிளாஸ் ரூமுக்கும் இதையே போட்டுடு. என்ன மாரீஸ்வரா, கடைக்காரன் எடுத்தானா?"

"லைனே கெடைக்கல மாமி."

கீதா இப்போதும் தாராவியில் அதே மாடியறையில்தான் இருக்கிறாள். பள்ளிச் சுவர்களுக்கான எழுத்துகளை வெட்டிக் கொடுத்துவிட்டாள். தமிழ் எழுத்து அத்தனையையும் வரைந்து முடிக்க 'ஔ' மட்டும் பாக்கி.