ஸ்னோ டயர்தான் என்று சொன்னேன்

போன வியாழக்கிழமை காலை ஏழரை மணி. இறக்கமான தெரு. என் வலது கால் பிரேக் மேல் இருக்கிறது — உடம்பின் மொத்த எடையோடு. வண்டி நிற்கவில்லை.

கீழே, தெரு முடிகிற இடத்தில் ஒரு மஞ்சள் ஸ்கூல் பஸ். சிவப்பு விளக்குகள் மாறி மாறி மின்னுகின்றன. பக்கவாட்டில் 'ஸ்டாப்' பலகை நீட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்தால் இரண்டு பக்கத்து வண்டிகளும் நின்றாக வேண்டும். நிற்கும் என்று நம்பி ஒரு சிறுமி தெருவைக் கடக்கிறாள். ஊதா ஜாக்கெட். கையில் வயலின் பெட்டி.

என் பக்கத்து சீட்டில் புஷ்பராணி அக்கா. யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் அபார்ட்மென்ட்டில் கீழ்த்தளத்தில் இருக்கிறார். டயாலிசிஸ் சென்டரில் நர்ஸ். கார் ஓட்ட இன்னும் லைசென்ஸ் எடுக்கவில்லை. அவருடைய சென்டர் என் ஆபீஸ் போகிற வழியில் இருப்பதால் ஒன்றரை வருஷமாக தினமும் என்னோடுதான் வருகிறார்.

மீதியைச் சொல்வதற்கு முன், அக்டோபரில் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் இதைச் சொன்னால் பனிமேல் பழி போட்ட மாதிரி ஆகிவிடும்.

என் வண்டி பதினோரு வயசான ஃபோர் வீல் டிரைவ், நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வகை. டெக்சாஸுக்கு மாற்றலாகிப் போன நண்பரிடமிருந்து வாங்கியது. நியூஜெர்சியின் வடக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் முழுக்க மேடும் பள்ளமும். இந்த வண்டி எந்த மேட்டையும் ஏறும். அதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. மற்றவர்கள் வீட்டு முன் டிரைவ்வேயில் பனியை வாரிக்கொண்டிருக்கும்போது நான் மெதுவாகக் கடந்து போவேன். கையைக்கூட ஆட்டியிருக்கிறேன்.

அக்டோபரில் டயர்கள் தேய்ந்துவிட்டன. டயர் கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு அறுபது வயசிருக்கும். வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, உள்ளேயிருந்து ஒரு ஒல்லி டயரை உருட்டிக்கொண்டு வந்தார். அதன் மேல் முழுக்க பிளேடால் கீறின மாதிரி மெல்லிய கோடுகள்.

"உனக்கு இதுதான், ஸ்னோ டயர். குளிர்காலத்துக்கென்றே செய்தது. அழுத்திப் பார்" என்றார். அழுத்தினேன். நகம் பதிந்தது. மற்ற ரப்பரெல்லாம் குளிரில் கட்டையாகிவிடும், இது மெத்தென்றே இருக்கும் என்றார். ஒல்லியாக இருப்பதால் பனியைக் கிழித்துக்கொண்டு கீழே தரையைத் தொடுமாம்.

என் கண் வேறொரு டயர் மேல் இருந்தது. சுவரோரம் நின்றது. அகலமாக, கட்டி கட்டியாக, பக்கத்தில் வெள்ளை எழுத்தோடு. சேறு, மண், கல் எதிலும் போகும் என்று விளம்பரப் படத்தில் ஒரு மலை வேறு. அதைப் போட்டால் என் கிழட்டு வண்டிக்குப் பத்து வயசு குறையும் என்று தோன்றியது.

"அது மண்ணுக்கு நல்லது. ஐஸுக்கு இல்லை" என்றார்.

"என்னுடையது ஃபோர் வீல் டிரைவ் ஆச்சே..."

"சரி. உன் வண்டியில் எத்தனை சக்கரத்துக்கு பிரேக்?"

"நாலு."

"என் அம்மாவின் சாதாரண காருக்கும் நாலுதான். நிற்பதில் இரண்டும் ஒன்றுதான்."

சிரித்தேன். சிரித்துவிட்டு, அகல டயரையே வாங்கினேன். இது முதல் தப்பு. இதையாவது மன்னிக்கலாம்.

மறுநாள் காலை அக்கா வண்டியருகே வந்து நின்று டயரைப் பார்த்தார். "தம்பி, இது ஸ்னோ டயரோ?"

விளக்கம் சொல்லச் சோம்பேறித்தனமா, நான் வாங்கியது சரிதான் என்று காட்டிக்கொள்ளும் ஆசையா? இன்றுவரை தெரியவில்லை. "ஆமாக்கா. ஸ்னோ டயர்தான்" என்றேன்.

அக்கா தலையாட்டிவிட்டு ஏறிக்கொண்டார்.

வியாழக்கிழமை விழுந்தது இரண்டு அங்குலப் பனிதான். ஸ்கூலுக்கு லீவுகூட விடவில்லை. ஆனால் அடியில், முந்தின நாள் உருகின தண்ணீர் கண்ணாடி மாதிரி உறைந்திருந்தது. மேட்டில் வண்டி வழக்கம்போல ஜம்மென்று ஏறியது. இறங்கும்போது பிரேக்கை மிதித்தேன். சக்கரம் நின்றுவிட்டது. வண்டி மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

காலை எடுத்தேன். மறுபடி மிதித்தேன். எடுத்தேன், மிதித்தேன். ஹாரனை அழுத்திப் பிடித்தேன். அந்தச் சிறுமி திரும்பிப் பார்த்தாள். ஓடவில்லை. நடுத்தெருவில் அப்படியே நின்றுவிட்டாள்.

"வலப்பக்கம்" என்றார் அக்கா. கத்தவில்லை. ஊசி போடும்போது நோயாளியிடம் பேசுகிற குரல்.

ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நொடி, இரண்டு நொடி... பிறகு முன் சக்கரம் தெருவோரக் கட்டையில் மோதி ஏறியது. யாரோ ஒருவர் வீட்டுப் புல்வெளி. கம்பத்தில் நட்ட அவர்களுடைய மெயில்பாக்ஸ். அதைச் சாய்த்துக்கொண்டு வண்டி நின்றது.

ஊதா ஜாக்கெட் என் ஜன்னலிலிருந்து பத்தடி தூரத்தில் இருந்தது.

பஸ் டிரைவர் பெண்மணி என்னைப் பார்த்தார். இறங்கி வந்து சிறுமியின் தோளைப் பிடித்து பஸ்ஸுக்குள் கூட்டிக்கொண்டு போனார். கதவு மூடியது.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். "உங்களுக்கு ஒண்டும் இல்லைத்தானே?" என்று கேட்டார். இல்லை என்றேன். பையை எடுத்துக்கொண்டார். "நான் நடந்து போறன் தம்பி."

சென்டருக்கு இன்னும் ஒரு மைல் தூரம். ஐம்பது வயசுக்காரர், உறைந்த தெருவில், ஓரமாகக் காலைப் பார்த்துப் பார்த்து வைத்து... நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அந்த வீட்டுக்காரரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். இந்த இறக்கத்தில் தன் மெயில்பாக்ஸுக்கு இது இரண்டாவது முறை என்றார். சனிக்கிழமை நானே புதுசு நட்டுத் தருவதாக ஏற்பாடு.

சாயங்காலம் வீட்டில் கதையைச் சொன்னேன். ஐஸைப் பற்றிச் சொன்னேன். இறக்கத்தைப் பற்றிச் சொன்னேன். பழைய பிரேக்கைப் பற்றியும் சொன்னேன். மனைவி கீதா கடைசிவரை கேட்டுவிட்டு, "அந்தப் பொண்ணுக்கு என்ன வயசு இருக்கும்?" என்றாள்.

"பன்னிரண்டு..."

எங்கள் மகளுக்கு ஒன்பது. ஹோம்வொர்க்கிலிருந்து தலையைத் தூக்கினாள். "அப்பா, டிட் யூ டெல் ஆன்ட்டி யூ ஆர் ஸாரி?"

கீழே போய்க் கதவைத் தட்டினேன். அக்கா உட்காரச் சொன்னார். டீ கொடுத்தார். நான் மறுபடியும் ஐஸிலிருந்து ஆரம்பித்தேன். நடுவில் அதை விட்டுவிட்டேன். "அக்கா, அது ஸ்னோ டயர் இல்லை. உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். ஸாரிக்கா."

அக்கா கப்பைக் கீழே வைத்தார்.

"நான் உங்களிட்டைக் கேட்டனான். இல்லையெண்டு சொல்லியிருந்தா, ஏறுறதோ விடுறதோ எண்டு நான் யோசிச்சிருப்பன். அந்த முடிவையும் நீங்களே எடுத்துப்போட்டீங்கள் தம்பி."

குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

யோசித்துப் பாருங்கள். வண்டியில் யாரையாவது ஏற்றிக்கொள்ளும்போது அவர்கள் உயிரையும் சேர்த்துத்தான் ஏற்றிக்கொள்கிறோம். பதிலுக்கு அவர்கள் கேட்பதோ ஒரே ஒரு கேள்வி. அதற்கு உண்மையைச் சொல்ல நமக்கு என்ன கஷ்டம்?

வெள்ளிக்கிழமை அக்கா டாக்ஸியில் போனார். நான் ஆபீஸுக்கு லீவு போட்டு, ஊர்ந்து ஊர்ந்து டயர் கடைக்குப் போனேன். கடைக்காரர் அகல டயர்களைக் கழற்றினார். ஒல்லி டயர்கள் நாலையும் மாட்டினார். வண்டி இப்போது பயில்வானுக்குக் குச்சிக்கால் வைத்த மாதிரி இருக்கிறது. திரும்பும்போது காலி பார்க்கிங் லாட்டில் இருபது முறை பிரேக் போட்டுப் பார்த்தேன். இருபது முறையும் நின்றது.

சனிக்கிழமை மெயில்பாக்ஸ் நட்டாயிற்று. ஞாயிறு இரவு அக்காவுக்கு போன் செய்து, டயரைப் பற்றி மட்டும் சொன்னேன். வாருங்கள் என்று சொல்லவில்லை. அது அவர் முடிவு.

திங்கட்கிழமை காலை எஞ்சினைப் போட்டுக் காத்திருந்தேன். ஐந்து நிமிஷம். ஏழு நிமிஷம். கிளம்பலாம் என்று கியரில் கை வைத்தபோது அக்கா வெளியே வந்தார். கையில் டார்ச். என்னைப் பார்க்காமல் குனிந்து, நாலு டயரிலும் எழுதியிருந்ததை ஒன்றொன்றாகப் படித்தார். நகத்தால் அழுத்தியும் பார்த்தார்.

பிறகு கதவைத் திறந்து ஏறினார். பின் சீட்டில்.

மார்ச்சில் பனிக்காலம் போனால் டயருக்கு வேலை முடிந்துவிடும். என் வேலை முடியாது.