கரை போட ஓர் ஆள்

ஓரிக்கைப் பக்கம் ஒரு கொட்டகையில் குத்துச்சண்டை சொல்லிக்கொடுக்கிறேன். அதற்குப் பொறுமை வேண்டும் என்பார்கள். எனக்கு அது கொஞ்சம் குறைவு. அதனால்தான், காலேஜில் படிக்கும் என் மாணவியின் அப்பா, "போட்டிக்கு அவளை அனுப்பினா தறி நிக்கும் மாஸ்டர்" என்றதும், "அப்ப நான் உக்கார்றேன்" என்று வாயை விட்டுவிட்டேன்.

உடலையும் கரையையும் தனித்தனி நூலில் நெய்து கோர்க்கும் கோர்வைப் புடவைக்கு இரண்டு பேர் வேண்டும். அப்பா புடவையின் உடலை நெய்வார். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பக்கக் கரைக்கு, ஊடை நூல் சுற்றிய நாடாவைத் தள்ளுவது மகள். அம்மாவோ மூத்த மகளின் பிரசவத்துக்காக வாலாஜாபாத் போயிருந்தார். கல்யாணப் புடவை, முகூர்த்தம் நெருங்கிவிட்டது. சென்னையில் மாநிலப் போட்டியும் அதே சமயத்தில்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சரி, போவட்டும். ஆனா தோத்தா இதான் கடைசி. அப்புறம் கிளவுஸைத் தொடக் கூடாது" என்றார். அவள் தலையாட்டினாள். போட்டியில் அவள் பக்கம் நிற்க இன்னொரு கோச்சை ஏற்பாடு செய்துவிட்டு, நான் தறியில் உட்கார்ந்தேன்.

முதல் இழையே என் விரலில் மாட்டிக்கொண்டது. வருஷக்கணக்காக மணல் மூட்டையைக் குத்திய கை, பட்டுக்கு அரம் மாதிரி. "வெந்நீர்ல ஊற வச்சு, கல்லுல தேச்சுக்கினு வாங்க" என்றார். தேய்த்துக்கொண்டு வந்தேன். பிறகு ஆரம்பித்தது அர்ச்சனை. வேகமாகத் தள்ளினால் ஒரு திட்டு, மெதுவாகத் தள்ளினால் இன்னொன்று. "யாரையும் குத்தல மாஸ்டர், பாத்து." பிள்ளைகளுக்கு நான் கொடுப்பதெல்லாம் வட்டியோடு திரும்பி வந்தது. ஆனாலும் எழுந்து போ என்று அவர் சொல்லவில்லை. நான் கெடுத்த இடத்தைப் பொறுமையாகப் பிரித்துவிட்டு, மறுபடியும் என் கையிலேயே நாடாவைக் கொடுத்தார். அதற்காகவே அவரை எப்போதும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

மதியத்துக்கு மேல் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"தோத்துட்டேன் மாஸ்டர்" என்றாள். "சாயந்திர பஸ்ல வந்துடறேன். அப்பாகிட்ட..." அதற்கு மேல் பேச முடியாமல் அழுதாள். நான் போனை அவர் பக்கம் நகர்த்தினேன்.

அவர் மிதிப்பதை நிறுத்தினார். "அடி கிடி பட்டுச்சாமா?"

"இல்லப்பா."

"உன்ன ஜெயிச்ச பொண்ணு நாளைக்கு ஆடுதா?"

"ஆடுதுப்பா. ஃபைனல்."

"இருந்து பாத்துட்டு வா. எங்க அடிக்குது, எப்படித் தப்பிக்குதுன்னு நல்லா பாத்துக்கோ" என்றவர், என் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "தறியைப் பத்திக் கவலைப்படாத. இங்க ஆள் இருக்குது."